நிலை வாரியாகவா, பொருள் வாரியாகவா? வகுப்பறை நூலகத்தை எப்படி அடுக்கலாம்

வகுப்பறை மூலையில் அலமாரி வந்துவிட்டது, புத்தகங்களும் சேர்ந்துவிட்டன. அடுத்த கேள்வியில்தான் ஆசிரியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று வாசிப்பு நிலை பார்த்து அடுக்குவதா? விலங்கு, விண்வெளி, பேய்க்கதை என்று பொருள் பார்த்து அடுக்குவதா? பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனால் பிள்ளை தானாக எழுந்து வந்து புத்தகம் தேடுமா, ஆசிரியர் கைகாட்டியதை மட்டும் எடுக்குமா என்பது பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

நிலை வாரியாக அடுக்குவதில் நியாயம் இருக்கிறது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளையின் கையில் பக்கம் முழுக்க எழுத்தாக இருக்கும் புத்தகம் கிடைத்தால், இரண்டு வரியிலேயே மூடி வைத்துவிடும். எம்மெட் பெட்ஸ் என்ற கல்வியாளர் 1946இல் ஒரு கணக்கு சொன்னார். யார் துணையும் இல்லாமல் ஒரு புத்தகத்தை வாசிக்க, நூறு சொல்லில் 99ஐப் பிழையில்லாமல் படிக்கத் தெரிய வேண்டும். 90க்குக் கீழே போனால் அது வாசிப்பல்ல, தவிப்பு. கூடைக்கு ஒரு நிறம், பிள்ளைக்கு ஒரு நிறம் என்று ஒதுக்கிவிட்டால் இந்தத் தவிப்பு குறையும். நாற்பது பேரைச் சமாளிக்கும் ஆசிரியருக்கு அது பெரிய ஒத்தாசை.

ஆனால் அந்த நிறங்களைப் பிள்ளைகள் சீக்கிரமே தரவரிசையாக மாற்றிவிடுவார்கள். ‘நீ இன்னும் மஞ்சள்தானா?’ என்று ஒருவன் கேட்டால் போதும். மஞ்சள் கூடைப் பிள்ளை அட்டையில் ஒட்டியிருக்கும் நிறத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போகும். இல்லையென்றால் பச்சைக் கூடையிலிருந்து தடிமனான ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு சும்மா பக்கம் புரட்டும். ஆங்கிலப் புத்தகங்களுக்கு 26 எழுத்தையும் வைத்து நிலை வகுத்த ஃபவுன்டஸ், பின்னெல் இருவருமே, நிலை என்பது ஆசிரியரின் கருவி, பிள்ளையின் மேல் ஒட்டும் முத்திரை அல்ல என்று பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார்கள்.

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பிள்ளையின் நிலை எல்லாப் புத்தகத்துக்கும் ஒன்றாக இருப்பதில்லை. 1988இல் வெளியான ரெக்ட், லெஸ்லி ஆய்வில், பள்ளி மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய பகுதியைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களாக இருந்தாலும் பேஸ்பால் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் அந்த ஆட்டம் தெரியாதவர்களைவிட மேலாகப் புரிந்துகொண்டார்கள். டைனோசர் பித்துப் பிடித்த பிள்ளையைக் கவனித்தால் இது விளங்கும். வாய்க்குள் நுழையாத பெயரைக்கூட முட்டி மோதிப் படித்துவிட்டு, அடுத்த பக்கத்தில் அது எதைத் தின்றது என்று தேடும். அந்தப் புத்தகத்தை ‘உன் நிலைக்கு மேலே’ என்று சொல்லித் தள்ளி வைப்பது அநியாயம்.

பொருள் வாரி முறைக்கும் குறை உண்டு. விலங்குக் கூடையில் இருப்பதெல்லாம் கடினமான புத்தகங்களாக இருந்தால், வாசிக்கத் திணறும் பிள்ளை வெறுங்கையோடு திரும்பிவிடும். புத்தகம் குறைவாக உள்ள வகுப்பில் கூடைக்கு நாலைந்துதான் தேறும், தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது. அப்போது கூடைகளைக் குறைத்து, தலைப்புகளை அகலமாக்குவது நல்லது. ஒவ்வொரு கூடையிலும் படமே பேசும் புத்தகம் முதல் அத்தியாயக் கதை வரை கலந்திருக்க வேண்டும்.

எனவே என் ஓட்டு பொருள் வாரிக்குத்தான். நிலையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொண்டால் ஆசிரியருக்குப் போதும். பிள்ளைக்கு விரல் முறையைச் சொல்லிக் கொடுக்கலாம். ஏதாவது ஒரு பக்கத்தை வாசித்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் இந்தப் புத்தகம் கொஞ்ச நாள் கழித்து. பக்கத்துக்கு இருபது சொல்தான் என்றால் ஐந்து ரொம்ப அதிகம், இரண்டோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லலாம். தமிழ்ப் புத்தகத்தில் ‘ஓடிக்கொண்டிருந்தபோது’ போன்ற நீளச் சொற்கள் வரும் என்பதால், எண்ணிக்கையை மட்டும் நம்பாமல் பிள்ளை எங்கே நின்று மூச்சு வாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

அட்டை தெரிய வைப்பதா, முதுகு தெரிய அடுக்குவதா என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இல்லை. பின் அடித்த மெல்லிய படப் புத்தகங்களுக்கு முதுகே கிடையாது. அலமாரியில் செருகினால் காணாமல் போனதற்குச் சமம். இடமில்லாவிட்டாலும் பத்துப் புத்தகமாவது முகம் காட்டி நிற்கட்டும், வாரம் ஒருமுறை மாற்றிவிடலாம்.

அப்புறம் பூட்டு. கிழிந்துவிடும், தொலைந்துவிடும் என்று அலமாரியைப் பூட்டி வைத்தால் எப்படி அடுக்கினாலும் பயனில்லை. நூலக அறிவியலுக்கு எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் முதலாவதே புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். ஒரு நோட்டில் பிள்ளையே தன் பெயர், புத்தகம், தேதி எழுதி எடுத்துப் போகட்டும். ஆசிரியர் எழுதும் பதிவேடு சுத்தமாக இருக்கும், ஆனால் அவருக்கு நேரமில்லாத நாளில் இரவலும் நின்றுபோகும். கிழிந்ததை ஒட்ட ஒரு பெட்டியும் பசையும் பக்கத்திலேயே இருந்தால் பெரிய பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள்.

பருவ முடிவில் அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். யாரும் எடுக்காத புத்தகத்தை முதலில் வேறு கூடைக்கு மாற்றலாம். அங்கேயும் கிடந்தால் அடுத்த வகுப்புக்குக் கொடுத்துவிட்டு, எந்தக் கூடை அடிக்கடி காலியாகிறதோ அதற்குப் புதிதாக வாங்கலாம்.