ரெய்டு கார்டைக் கழற்றும் முன்: ஷட் டவுன் மட்டும் போதுமா, ரைட்-த்ரூவும் வேண்டுமா?

போன மாதம் ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வரில் ரெய்டு கார்டை (பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக நடத்தும் கார்டு) மாற்ற வேண்டி வந்தது. பழைய கார்டு எல்எஸ்ஐ மெகாரெய்டு 9260-8ஐ. 512 எம்பி கேஷ் (டிஸ்க்குக்குப் போகும் முன் டேட்டா தங்கும் கார்டின் தற்காலிக மெமரி), நான்கு 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா தப்பும் அமைப்பு). கரண்ட் போனால் கேஷைக் காக்கும் பேட்டரி உப்பியிருந்தது, கார்டுக்கும் வயதாகிவிட்டது. டிஸ்க்குக்கு இன்னும் போய்ச் சேராத டேட்டா கேஷில் கிடக்கும்போது கார்டைக் கழற்றினால், அன்றைய பில்களில் சில காணாமல் போகும். அதைத் தவிர்க்க என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, ஒழுங்காக ஷட் டவுன் செய்துவிட்டுக் கழற்றுவது. பெரும்பாலானோர் செய்வது இதுதான், பெரும்பாலும் நன்றாகவே முடியும். லினக்ஸின் மெகாரெய்டு டிரைவர், ஷட் டவுனின்போது தானாகவே கார்டுக்கு ஃப்ளஷ் கட்டளை (கேஷில் இருப்பதை டிஸ்க்கில் எழுதிவிடு என்பது) அனுப்பும். ஆனால் லினக்ஸில் ‘சிங்க்’ கட்டளை அடித்தாலே எல்லாம் டிஸ்க்குக்குப் போய்விட்டது என்று சிலர் நினைப்பது தப்பு. அது சர்வரின் மெமரியில் இருப்பதைக் கார்டு வரை கொண்டுவந்து விடும், அவ்வளவுதான். ரைட்-பேக் முறையில் இருக்கும் கார்டு, தன் ராமில் வாங்கிக்கொண்ட உடனே ‘எழுதியாச்சு’ என்று சொல்லிவிடும்.

இரண்டாவது, கேஷையும் பேட்டரியையும் பிரிக்காமல் அப்படியே புது இடத்துக்கு நகர்த்துவது. மதர்போர்டு மட்டும் போயிருந்தால் இதுவே சரி. பேட்டரி வகையாக இருந்தால் நேரக் கெடு உண்டு, மணிக்கணக்கில்தான் தாங்கும். ஃப்ளாஷ் வகையில் கரண்ட் போனதும் கெப்பாசிட்டரின் பலத்தில் டேட்டா ஃப்ளாஷுக்கு நகலாகிவிடும், அவசரமில்லை. ஹெச்பி ஸ்மார்ட் அரேயில் கேஷ் மாட்யூலையே பேட்டரியோடு கழற்றி வேறு கார்டில் மாட்ட வழி உண்டு. அந்தப் பக்கம் நான் ஒரே ஒரு தடவைதான் கை வைத்திருக்கிறேன், அதனால் பெரிதாகப் பேச மாட்டேன். எனக்கோ பேட்டரியே உப்பிக் கிடந்தது; இந்த வழி அடைத்துவிட்டது.

மூன்றாவது, நான் எடுத்தது: கழற்றுவதற்குச் சில மணி நேரம் முன்பே ரைட்-பேக்கிலிருந்து ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதிய பிறகே ‘எழுதியாச்சு’ என்று சொல்லும் முறை) மாற்றிவிடுவது. அப்புறம் எந்த எழுத்தும் கேஷில் தங்காது. பழைய மிச்சத்தை ஃப்ளஷ் கட்டளை தள்ளிவிடும்.

‘அதான் ஷட் டவுனிலேயே ஃப்ளஷ் நடக்கிறதே?’ என்று கேட்கலாம். நடக்கும். நடந்ததா என்று கேட்க அப்போது ஆள் இருக்காது, அதுதான் என் சிக்கல். திரை கறுத்த பிறகு தெரிவது, கேஷில் மிச்சம் இருந்தால் எரியும், கார்டில் உள்ள சின்ன விளக்கு மட்டும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதோ, ஸ்டோர்சிஎல்ஐ என்ற, கார்டோடு பேசும் கட்டளைக் கருவியில் நிதானமாக விசாரிக்கலாம். வர்ச்சுவல் டிரைவ் (டிஸ்க்குகள் சேர்ந்து சர்வருக்கு ஒரே டிஸ்க்காகத் தெரிவது) எல்லாம் ‘ஆப்டிமல்’, அதாவது குறையில்லாமல், தானா? ஒன்று ஆஃப்லைனில் இருந்தால், அதற்குரிய டேட்டாவை எந்த ஃப்ளஷ் கட்டளையாலும் எழுத முடியாது. போக டிஸ்க் இல்லாததால் அது ‘பிரிசர்வ்டு கேஷ்’ என்ற பெயரில் கார்டிலேயே உட்கார்ந்திருக்கும். அந்தப் பட்டியல் காலியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகே நான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பேன். டிஸ்க்கின் சொந்த கேஷையும் அதோடு அணைத்துவிடுவேன்.

இப்படி விசாரித்ததில்தான் ஒன்று அகப்பட்டது. பேட்டரி கெட்டால் கார்டு பொதுவாகத் தானே ரைட்-த்ரூவுக்கு இறங்கிவிடும். இங்கே முன்பு யாரோ வேகத்துக்காக ‘எப்போதும் ரைட்-பேக்’ என்று வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதாவது உப்பிய பேட்டரியோடு, எந்தப் பாதுகாப்பும் இல்லாமல், எத்தனை நாளாகவோ பில் ஓடியிருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. வேகம் படுத்துவிடும். ரெய்டு 5-இல் ஒரு சின்ன எழுத்துக்கு இரண்டு படிப்பு, இரண்டு எழுத்து, ஆக நான்கு வேலை. டிஸ்க்குக்கு நொடிக்கு 80 வேலை என்று வைத்தால், நான்கு டிஸ்க் சேர்ந்தும் நொடிக்கு 80 எழுத்துதான் தேறும். மாலை 6:40-க்கு மாற்றினேன். பத்து நிமிடத்தில் கவுன்ட்டரிலிருந்து குரல்: “அண்ணே, பில்லு நகரவே மாட்டேங்குது.” இரவு பகல் ஓயாத டேட்டாபேஸ் என்றால் முதல் வழிக்கே போக வேண்டியிருக்கும்.

பத்து மணிக்குக் கடை அடைத்ததும் கடைசி பில் எண்ணை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டேன். சர்வீஸ்களை நிறுத்தி, இன்னொரு ஃப்ளஷ், ஷட் டவுன். பவர் கேபிளைப் பிடுங்கியபோது கார்டில் ஒரு விளக்கும் எரியவில்லை. புது கார்டும் மெகாரெய்டுதான். டிஸ்க்குகளைப் பார்த்ததும் ‘ஃபாரின் கான்ஃபிக்’ (வேறு கார்டு எழுதிய ரெய்டு அமைப்பு), என்ன செய்ய என்று கேட்டது. அங்கே அந்த அமைப்பை அழிக்கும் ‘கிளியர்’ பக்கம் விரல் போகவே கூடாது. ‘இம்போர்ட்’ கொடுத்தேன். சர்வர் எழுந்ததும் முதலில் பில்லிங்கைத் திறந்து பார்த்தேன். காகிதத்தில் இருந்த அதே எண் இருந்தது.