ரப்பர் கணக்கு எழுத அக்சஸா, பேஸா?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பகுதியில் சிறு ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர், பால்வெட்டிய நாள், ஷீட்டின் எடை, ஒட்டுப்பால் (மரத்தில் ஒட்டி உறைந்த ரப்பர் பால்), வெட்டுக்கூலி ஆகியவற்றை வீட்டுக் கணினியில் பதிய விரும்பினால், மைக்ரோசாஃப்ட் அக்சஸ், லிப்ரெஆபிஸ் பேஸ் என்னும் இரண்டு தரவுத்தள மென்பொருள்களையும் (பதிவுகளை அட்டவணைகளாகச் சேமிப்பவை) பார்க்கலாம்.

அக்சஸ் கட்டண மென்பொருள். விண்டோஸில் மட்டுமே இயங்கும். படிவமும் அறிக்கையும் அமைப்பது அதில் எளிது. கோப்புக்கு 2 ஜிபி என்ற வரம்பை எந்தத் தோட்டக் கணக்கும் எட்டப்போவதில்லை.

பேஸ் இலவசம், லினக்ஸிலும் இயங்கும். ஆனால், உள்ளமைந்த எச்எஸ்க்யூஎல்டிபி தரவுத்தளத்துக்கு ஜாவா என்னும் தனி மென்பொருளும் வேண்டும். அட்டவணைகள் அனைத்தும் சுருக்கப்பட்ட (ஜிப்) ஒரே கோப்புக்குள் இருப்பதால், சேமிக்குமுன் மின்சாரம் போனால் (தென்மேற்குப் பருவமழையில் இது புதிதன்று) அன்றைய பதிவுகளை இழக்க நேரலாம். அக்சஸோ, அடுத்த வரிக்கு நகர்ந்ததுமே முந்தைய பதிவை எழுதிவிடுகிறது. யுபிஎஸ் உள்ள வீட்டுக்குப் பேஸையே பரிந்துரைப்பேன்.