திரையரங்கா, அருங்காட்சியகமா, நீச்சல்குளமா?

ஆட்டிசம் உள்ள குழந்தையை எங்கே அழைத்துப் போகலாம் என்று கேட்டால், கூட்டமும் சத்தமும் இல்லாத இடமாகப் பாருங்கள் என்பார்கள். நானும் நெடுநாள் அப்படித்தான் தேடினேன். இப்போது முதலில் பார்ப்பது வேறு ஒன்றை: பாதியில் கிளம்ப நேர்ந்தால் எவ்வளவு சுலபமாகக் கிளம்ப முடியும்? அந்தக் கேள்வியோடுதான், நாங்கள் மாறி மாறிப் போன மூன்று இடங்களை இங்கே எடைபோடுகிறேன்.

முதலில் திரையரங்கு. ஒலியைக் குறைத்து, விளக்குகளை முழுக்க அணைக்காமல், எழுந்து நடக்கவும் குதிக்கவும் விட்டு நடத்தும் சிறப்புக் காட்சிகளைச் சொல்கிறேன். அமெரிக்காவில் ஏஎம்சி திரையரங்குகள் 2007-இல் ஆட்டிசம் சங்கத்துடன் சேர்ந்து இதைத் தொடங்கின. ஆட்டிசம் உள்ள மகளின் தாய் ஒருவர் கேட்டுக்கொண்டதில்தான் அது முளைத்தது. மகன் கைகளை உதறியபடி வரிசைகளுக்கு நடுவே ஓடினாலும் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எத்தனையோ இடங்களில் மன்னிப்புக் கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கு, அந்த இரண்டு மணி நேரம் பெரிய ஆறுதல்.

ஆனால் சத்தத்தைக் குறைப்பது அரங்குக்குள் மட்டும்தான். முதல் முறை போனபோது இடைவேளையில் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றேன். யாரோ கைகளை நீட்ட, சுவரில் இருந்த கை உலர்த்தும் இயந்திரம் அலறியது. அதன் காற்றுவாயும் அவன் காதும் ஏறக்குறைய ஒரே உயரம். இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மறுபடி எழுப்ப அரை மணி நேரமாயிற்று. அது அடம் அல்ல, அச்சமும் வலியும். கனடாவில் ஒரு பள்ளி மாணவி, இந்த இயந்திரங்களின் ஒலியைக் குழந்தைகளின் காது உயரத்தில் அளந்து 2019-இல் ஓர் ஆய்வாக வெளியிட்டார். சில இயந்திரங்கள் 100 டெசிபலைத் தாண்டியிருந்தன. அரங்கை இவ்வளவு யோசித்து அமைத்தவர்கள் கழிப்பறையையும் யோசித்திருக்க வேண்டும்.

பாதியில் கிளம்புவதிலும் சிக்கல் உண்டு. கதவு பக்கத்தில்தான் இருக்கும்; ஆனால் தொடங்கியதை முடிக்காமல் விடுவது என் மகனுக்குப் படத்தின் சத்தத்தைவிடப் பெரிய துன்பம்.

அருங்காட்சியகம் இங்கேதான் முந்துகிறது. பொதுமக்களுக்குத் திறப்பதற்கு முன்பே இக்குடும்பங்களுக்காகக் கதவைத் திறக்கும் வழக்கம் பல அருங்காட்சியகங்களில் இருக்கிறது. வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் 2011-இலிருந்து செய்கிறது. எந்த அறையில் சத்தம், எங்கே இருட்டு, எந்த மூலையில் அமைதியாக உட்காரலாம் என்று குறித்த வரைபடமும் பல இடங்களில் கிடைக்கிறது. வாசல் எப்படி இருக்கும், பையை யார் சோதிப்பார்கள் என்று படங்களோடு சொல்லும் கதையை முந்தைய நாளே காட்டிவிடலாம். எல்லாவற்றையும்விட, ஒவ்வோர் அறையும் தனித்தனியே முடிந்துவிடுகிறது. இருபது நிமிடத்தில் இரண்டு அறைகளைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தாலும் அது முழுமையான பயணம்தான். ஆள் நெருங்கியதும் தானாக ஒலி எழுப்பும் காட்சிப்பொருட்களிடம் மட்டும் கவனம் தேவை. முதன்முறை கிளம்பும் குடும்பத்துக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான்.

இதெல்லாம் ஒலிக்கும் ஒளிக்கும் கூசும் குழந்தைகளுக்கு. எல்லாக் குழந்தைகளும் அப்படி இல்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடு, 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் புலன்களின் மிகை எதிர்வினையோடு (ஒலி, ஒளி, தொடுதல் போன்றவற்றுக்கு அளவுக்கு மீறிக் கூசுவது) குறை எதிர்வினையையும் (அவற்றைப் போதிய அளவு உணராமல் இருப்பது) ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது. சுழல்வது, குதிப்பது, சோபா மெத்தைகளுக்கு நடுவே உடலை நுழைத்துக்கொள்வது என்று அழுத்தத்தைத் தேடும் குழந்தைக்கு அருங்காட்சியகம் தண்டனை. அவர்களுக்கு நீச்சல்குளம். கழுத்தளவு தண்ணீர் உடலை எல்லாப் பக்கமும் சீராக அழுத்துவதால், இறுக்கி அணைத்தது போன்ற அமைதி கிடைக்கிறது. என் மகன் தண்ணீருக்குள் இருக்கும்போது மட்டும் அவன் தோள்கள் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். மூடிய குளங்களில் எதிரொலியும் குளோரின் நெடியும் உண்டு என்பதால் திறந்தவெளிக் குளம் மேல்.

ஆனால் துணைக்கு இன்னொரு பெரியவர் இல்லாமல் அங்கே போகாதீர்கள். 2012-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நான்கு வயதுக்குப் பிறகு ஒரு முறையாவது சொல்லாமல் நழுவிப்போக முயன்றவர்கள் என்று பெற்றோர் தெரிவித்தார்கள். நழுவும் குழந்தையும் ஈர்க்கும் தண்ணீரும் ஒரே இடத்தில் இருக்கும்போது ஒரு ஜோடிக் கண்கள் போதாது.

இத்தனைக்குப் பிறகும் நாங்கள் திரையரங்கைக் கைவிடவில்லை. அதற்குக் காரணம் என் மகள். தம்பிக்காகப் பாதியில் கிளம்பி வந்த பிறந்தநாள் விழாக்கள் அவளுக்கு ஏராளம். சிறப்புக் காட்சியில் ஒருவர் அவனோடு வெளியே போனாலும் இன்னொருவர் அவளோடு கடைசிவரை உட்கார முடிகிறது. கை துடைக்கப் பையில் ஒரு சிறிய துண்டு வைத்திருக்கிறேன். கழிப்பறைக்குள் முதலில் நான் எட்டிப்பார்த்து, யாரும் இல்லை என்றால் அவனைக் கூப்பிடுகிறேன்.