கிள்ளவா, வளைக்கவா, வலையில் ஏற்றவா? திருகோணமலை வளவுகளில் பல போகம் பார்த்த பிறகு

முடிவை முதலே சொல்லிவிடலாம். வீட்டு வளவில் மிளகாய், கத்தரி, தக்காளி, பாகல், புடோல் வளர்ப்பவர்கள் செடியை வாகுக்குக் கொண்டுவர நாலு வழியைக் கையாளுகிறார்கள். நுனி கிள்ளுவது, தண்டை வளைத்துக் கட்டுவது, வலையிலோ பந்தலிலோ ஏற்றுவது, காய்த்து ஓய்ந்த செடியை வெட்டித் தழைக்க விடுவது. போகம் போகமாக வைத்துப் பார்த்ததில், திருகோணமலைக்கு வளைத்துக் கட்டுவதுதான் முதல் இடம். கிள்ளுவது நல்ல வேலைதான், ஆனால் நாள் பார்த்துச் செய்ய வேண்டும். வலை எந்தத் திசையில் நிற்கிறது என்பதில்தான் அதன் நன்மை தீமை இருக்கிறது. வெட்டித் தழைக்க விடுவது கத்தரிக்கும் முருங்கைக்கும் பொருந்தும், மற்றவற்றுக்கு வீண் முயற்சி.

இந்த வரிசையைத் தீர்மானிப்பது செடியை விடக் காற்றுத்தான். வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும். மலைநாட்டில் மழையை இறக்கிவிட்டு வெறும் சூட்டோடு வருகிற காற்று அது. மத்தியானத்தில் இலையைத் தொட்டால் அப்பளம் போல இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு வாடையும் மழையும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடலுக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு அந்த வாடையோடு உப்புத் தூறலும் சேர்ந்து வரும். புத்தகத்தில் படிக்கிற முறை இந்த இரண்டு காற்றையும் தாங்குமா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

கிள்ளுவதற்கும் வளைப்பதற்கும் அடிப்படை ஒன்றுதான். நுனிக் குருத்தில் உருவாகும் ஒக்சின் என்ற ஓமோன் கீழ்நோக்கி இறங்கி, இலைக் கக்கங்களில் உள்ள அரும்புகளை உறங்க வைக்கிறது. நுனியை எடுத்துவிட்டாலும், எடுக்காமல் பக்க அரும்புகளின் மட்டத்துக்குச் சரித்துவிட்டாலும் அந்தப் பிடி தளர்ந்து பக்கக் கிளைகள் எழும்பும். கிள்ளினால் செடிக்குக் காயம் உண்டு. வளைத்தால் காயம் இல்லை. கச்சானில் வாடிக்கொண்டிருக்கும் செடிக்கும், தொடர் மழையில் நனைந்துகொண்டிருக்கும் செடிக்கும் அந்த வித்தியாசம் பெரிது.

வாளி மிளகாயில் வளைப்பு எப்படி நடக்கிறது என்று கிட்டப் பார்ப்போம். 20 லீற்றர் பெயின்ற் வாளி நல்ல அளவு. அடியில் அரை அங்குலத் துளை ஆறு போடுங்கள். விளிம்புக்கு ஓர் அங்குலம் கீழே, சுற்றிவர மூன்று அங்குலத்துக்கு ஒன்றாகச் சூடாக்கிய ஆணியால் சிறு துளைகள் இடுங்கள். கட்டுவதற்கு அவைதான் கொளுக்கி. செடி எட்டு முதல் பத்து அங்குலம் வந்து, தண்டு இன்னும் பச்சையாக இருக்கும்போது தொடங்க வேண்டும். பழைய சாரத்தை அரை அங்குல அகலத்துக்குக் கிழித்த துணிதான் கயிறு. முதல் கட்டு நுனிக்கு அல்ல, அடித்தண்டுக்கு. மண்ணிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில், வளைக்கப்போகிற திசைக்கு எதிர்ப்பக்கத் துளையில் கட்டி இறுக்குங்கள். இதைச் செய்யாமல் நுனியை இழுத்தால் தண்டு வளையாது, வேர்தான் கிளம்பும். இரண்டாவது கட்டு நுனிக்கு நாலு இலை கீழே. முதல் நாள் பாதிச் சாய்வு போதும். மூன்று நாலு நாள் கழித்துப் படுக்கை நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கிழமைக்குள் படுத்த தண்டின் ஒவ்வொரு கக்கத்திலும் பச்சைக் குருத்து மேல்நோக்கி நிமிர்வது தெரியும். அவற்றில் ஐந்து ஆறை விட்டு, நெருக்கமானவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

நேரம் முக்கியம். காலையில் தண்டுக்குள் தண்ணீர் நிறைந்து விறைப்பாக இருக்கும். வளைத்தால் படக்கென்று முறியும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால், தண்டு தொய்வாக இருக்கும். அப்போதுதான் வளைக்க வேண்டும். வளைத்து முடித்துத் தண்ணீர் ஊற்றுங்கள். அப்படியும் முறிந்தால் பயப்பட வேண்டாம். ஒரு பக்கத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தால் இரண்டு முனையையும் பொருத்தி, வயர் சுற்றுகிற ரேப்பால் சுற்றி இரண்டு கிழமை அசையாமல் விட்டால் பெரும்பாலும் ஒட்டும். ஆனால் பூத்த பிறகு வளைக்கத் தொடங்குவது வேறு கதை. மிளகாய் முதல் பூவுடன் தானாகவே கவராகப் பிரியும். அந்தக் கவரில் இழுவை விழுந்தால் நடுவே கிழிந்து அடிவரை போகும். அதற்கு ஒட்டு இல்லை.

கிள்ளுவதன் வரவு செலவு இப்படி. மிளகாயில் ஆறாவது ஏழாவது இலைக்கு மேலே கிள்ளினால் மூன்று நாலு கிளை வரும், செடி குட்டையாகவும் பருமனாகவும் நிற்கும், காற்றில் சாயாது. விலை என்னவென்றால் முதல் காய் ஏறக்குறைய இரண்டு கிழமை பிந்தும். ஐப்பசியில் நட்ட செடிக்கு அந்த இரண்டு கிழமை பொருட்டில்லை. மாசி பங்குனியில் நட்ட செடிக்கு அது பெரும் நட்டம், ஏனென்றால் பூக்கிற நேரம் கச்சானில் போய் விழுந்து பூ உதிரும். மழை தொடர்ந்து கொட்டுகிற நாட்களிலும் கிள்ள வேண்டாம். வெட்டு வாய் காயாமல் கறுத்து, அழுகல் கீழே இறங்கும். இரண்டு நாள் வெயில் இருக்கும் என்று தெரிந்தால் காலை எட்டு மணிக்குள் நகத்தால் கிள்ளுங்கள். கிள்ளாமல் விடுபவர்கள், கவரின் நடுவில் வரும் முதல் பூவை மட்டுமாவது எடுத்துவிடுங்கள். அது காயானால் சிறு செடியின் வளர்ச்சி அங்கேயே நின்றுவிடும்.

கிணற்றுத் தண்ணீர் உவர்க்கிற இடங்களுக்கு இன்னொரு விதி. ஓகஸ்ட், செப்டெம்பரில் கிணறு இறங்க இறங்க உப்பு ஏறும். இலை ஓரம் கருகிய செடியில் எதையும் வெட்டவோ கிள்ளவோ கூடாது. புதுக்குருத்து வந்தாலும் அதுவும் நுனி கருகித்தான் வரும். மழை இரண்டு தரம் மண்ணைக் கழுவும் வரை பொறுங்கள்.

தக்காளிக்கு முன் ஒரு கேள்வி: செடி குறிப்பிட்ட உயரத்தில் பூங்கொத்தோடு நின்றுவிடும் இனமா, நிற்காமல் ஏறும் இனமா? நின்றுவிடும் இனத்தில் பக்கக் கிளையைக் கிள்ளினால் அறுவடையைத்தான் கிள்ளுகிறீர்கள். ஏறும் இனத்துக்கு ஒற்றைத் தண்டு என்று பலர் சொல்வார்கள். இங்கே அது சரிவருவதில்லை. இலை குறைந்து, காயின் தோளில் வெயில் பட்டு வெள்ளைத் தழும்பு விழும், பிறகு அந்த இடம் அழுகும். இரட்டைத் தண்டுதான் நல்லது. முதல் பூங்கொத்துக்குச் சற்றுக் கீழே உள்ள கக்கக் கிளையை மட்டும் விட்டு, மற்றவற்றை இரண்டு அங்குலத்துக்கு வளர முன் கையால் பக்கவாட்டில் மடித்து முறியுங்கள், கத்தி வேண்டாம். மண்ணிலிருந்து ஓரடி உயரத்துக்கு இலை இருக்கக்கூடாது, மழைத் துளி தெறித்துத்தான் இலைக்கருகல் நோய் ஏறுகிறது. கம்போடு கட்டும்போது துணியை எட்டுப் போலச் சுற்றுங்கள். தண்டும் கம்பும் ஒன்றோடொன்று உரசாது. இரவும் வெக்கையாக இருந்தால் தக்காளி பூக்கும், பிஞ்சு பிடிக்காது. அதைக் கிள்ளலோ கட்டலோ எந்த முறையும் மாற்றாது. கார்த்திகை முதல் மாசி வரைதான் இங்கே தக்காளிக் காலம்.

இனி வலை. செங்குத்து வலையில் பாகலும் பயற்றையும் ஏற்றுவது இடம் மிச்சம், பறிக்க வசதி. ஆறடி உயரம், எட்டடி நீள வலை இலை மூடிய பிறகு அது வலை இல்லை, பாய்மரம். காற்றுக்குக் குறுக்காக நிறுத்தினால் ஆடி மாதம் கம்பத்தோடு சாயும். கச்சான் தென்மேற்கு, வாடை வடகிழக்கு. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள். ஆகவே வலையின் நீளத்தைத் தென்மேற்கு–வடகிழக்காக நிறுத்தினால் ஆண்டு முழுவதும் காற்று வலையை மோதாமல் வலையோடு ஓடும். காலை வெயில் ஒரு பக்கம், பின்னேர வெயில் மறுபக்கம் என்று இரண்டு முகத்துக்கும் வெளிச்சமும் கிடைக்கும். மதில் எப்படி இருக்கிறதோ அப்படியே வலையையும் கட்டிவிடுவதுதான் இங்கே அதிகம் காணும் பிழை.

திருகோணமலையில் பழைய மீன்வலை சும்மா கிடைக்கும் என்பதால் பலர் அதையே கட்டுகிறார்கள். இதைப் பரிந்துரைக்க முடியாது. கண் சிறிது, பாகல் பிஞ்சு உள்ளே நுழைந்து பருத்து இடுப்பு ஒடுங்கி நிற்கும். ஒற்றை இழை நைலோன் காற்றில் உரசித் தண்டை அறுக்கும். ஓணானும் குருவியும் பாம்பும் சிக்கும், காலையில் அவற்றை எடுக்கிற வேலை உங்களுக்கு. நாலு அங்குலத்துக்குக் குறையாத கண் வேண்டும். மேலே ஒரு ஜி.ஐ. கம்பி (நாகம் பூசிய இரும்புக் கம்பி), கீழே ஒரு கம்பி, இடையில் தும்புக் கயிற்றை ஆறு அங்குல இடைவெளியில் நேராக இறக்கினால் போதும். தும்புக் கயிறு ஒரு போகம் தாக்குப்பிடிக்கும், மழையில் முடிச்சில்தான் முதலில் உக்கும். முடிந்ததும் கொடியோடு சேர்த்து அப்படியே கூட்டெருவில் போடலாம், கொடியை வலையிலிருந்து பிரித்தெடுக்கிற தலையிடி இல்லை. மெல்லிய கட்டுக்கம்பி கடல் காற்றில் ஒரு மழைக்குள் துருவேறும். பிளாஸ்ரிக் கிளிப்புகள் வெயிலில் வெளிறி, அடுத்த போகத்தில் விரலுக்குள் நொறுங்கும்.

பந்தல், புடோலுக்குத் தவிர்க்க முடியாதது. காய் நேராகத் தொங்க ஆறடிக்கு மேல் உயரம் வேண்டும். நுனியில் சிறு கல் கட்டுகிற பழைய வழக்கம் இன்றும் சரியானதே. கம்பத்துக்குப் பச்சைக் கிளிசறியா மரக் கம்பை நட்டால் அது வேர்விட்டுத் தழைத்துப் பந்தலுக்கே நிழல் போடும். மாதம் ஒருமுறை கழிக்க வேண்டும், கழித்த இலை நல்ல பசளை. காய்ந்த கம்பம் என்றால் மண்ணுக்குள் போகும் இரண்டடியை நெருப்பில் கருக்கி நடுங்கள், கறையான் பிந்தும். கழிவு எஞ்சின் ஒயில் பூசுவது மரக்கறிப் பாத்திக்குப் பக்கத்தில் வேண்டாத வேலை.

பாகலில் ஒரு நுணுக்கம். தலைக்கொடியில் முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள். பெண் பூ பக்கக் கொடிகளில்தான் அதிகம். பூவுக்குப் பின்னால் விரல் நகமளவு முள்ளுப் பாகல் ஒன்று ஏற்கனவே ஒட்டியிருக்கும், பார்த்தவுடன் தெரியும். ஆகவே வலையில் ஏற்றினால் ஏழு எட்டு இலையில் தலைக்கொடியைக் கிள்ளி, மூன்று நாலு பக்கக் கொடியை விசிறி போலப் பரப்புங்கள். பந்தலில் ஏற்றினால் கீழே கிள்ள வேண்டாம். பந்தலைத் தொடும் வரை பக்கக் கொடிகளை எடுத்துவிட்டு, மேலே ஏறியதும் நுனியைக் கிள்ளுங்கள். திருநெல்வேலி வெள்ளைப் பாகல் என்ற இனத்துக்கும் இதே முறைதான். பாகல் பூ விடியலில் விரியும், தேனீ வேலையை முடிக்கும். புடோல் பூ மாலை மங்கிய பிறகே விரியும். இரவுப் பூச்சி வராத வளவில் ஏழு மணிக்கு மேல் ஆண் பூவைப் பிடுங்கிப் பெண் பூவில் தொட்டுவிட வேண்டியிருக்கும். பழ ஈக்குப் பிஞ்சைக் கடதாசியால் சுற்றுகிறவர்களுக்குப் பந்தல் பெரிய உதவி, கை எட்டும் இடத்தில் காய் தொங்குகிறது.

கத்தரியை வளைக்க வேண்டாம், அதன் தண்டு சீக்கிரம் மரமாகிவிடும். முதல் காய்ப்பு ஓய்ந்ததும் ஓரடிக்கு வெட்டி, இரண்டு மூன்று கிளையில் சில இலைகளை விட்டு, இரண்டு கை கூட்டெரு போட்டுத் தண்ணீர் விட்டால் பத்துப் பதினாலு நாளில் தளிர்க்கும். வாடித் தொங்கும் நுனியைக் கண்டால் உள்ளே தண்டுத் துளைப்பான் புழு. ஓரங்குலம் கீழே வெட்டி எரியுங்கள், கிள்ளுகிற வேலையும் அதோடு முடிந்தது. வெட்டித் தழைக்க விட முன் ஒரு சோதனை: பகலில் வாடி இரவில் தேறுகிற செடி இருந்தால், அதன் தண்டுத் துண்டொன்றைத் தெளிந்த தண்ணீர்க் கிளாசில் தொங்க விடுங்கள். சில நிமிடத்தில் வெட்டு வாயிலிருந்து பால் நூல் போல இறங்கினால் அது பக்ரீரியா வாடல். அந்தச் செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், அதை வெட்டிய கத்தியை வேறு செடியில் வைக்காதீர்கள். ஒரு பங்கு குளோரின் வெளுப்பானுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த வாளியில் கத்தியை முக்கி எடுத்த பிறகே அடுத்த செடி. துருப்பிடிக்கும், துடைத்து எண்ணெய் தடவுங்கள்.

முருங்கையை வாடைக்கு முன், ஒக்டோபரிலேயே நாலு ஐந்து அடிக்கு வெட்டிவிடுவது நல்லது. அதன் கிளை காற்றில் வளையாது, ஒடியும்.

கோட்டைப் பக்கமும் நகரத்துக்குள்ளும் மான்கள் உலாவுகிற தெருக்களில் இருப்பவர்களுக்கு மேலே சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. வளைத்துப் படுக்கவைத்த செடி மானின் வாய்க்கு நேராக இருக்கும். அது கணு பார்த்துக் கிள்ளுவதில்லை. அங்கே வாளிகளை மதில் மேலோ மொட்டை மாடியிலோ வையுங்கள், அல்லது மான் தாண்ட முடியாத உயரத்துக்கு வேலி போட்ட பிறகு வளையுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் வலை நிற்கிறவர்களுக்குக் கடைசியாக ஒரு முடிச்சு விடயம். 2020 டிசெம்பர் 2 இரவு புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்தது. அப்படியான காற்றை வீட்டுக் கம்பம் எதுவும் தாங்காது. மேல் கம்பியைக் கம்பத்தில் முறுக்கிக் கட்டாமல், இரண்டு முனையிலும் உருவு சுருக்காகக் கயிற்றில் கட்டி வையுங்கள். எச்சரிக்கை வந்ததும் இரண்டு சுருக்கையும் உருவினால் கொடியோடு வலை மெதுவாக நிலத்தில் படுக்கும். மேலே இரண்டு பழைய கிடுகைப் போட்டு, நாலு மூலைக்கும் கல் வையுங்கள். காற்று அடங்கிய மறுநாளே தூக்கிக் கட்ட வேண்டும், இரண்டு நாள் கடந்தால் கொடியின் பற்றுக்கம்பிகள் புல்லைப் பிடித்துக்கொள்ளும்.