சந்தை, சுவை, குளியல்: பழனி மலையில் அரை நாளுக்கு எந்த வழி?

பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலுக்கு வருவோரில் பலர், உள்ளூர்ச் சந்தையில் ஏதாவது வாங்க வேண்டும், இம்மண்ணில் விளைந்த ஒன்றைச் சுவைத்துப் பார்க்க வேண்டும், ஓடையோ அருவியோ கிடைத்தால் இறங்கிக் குளிக்கவும் வேண்டும் என்ற மூன்று விருப்பங்களையும், கையைக் கடிக்காத செலவில், ஒரே அரை நாளுக்குள் முடித்துவிட எண்ணுகிறார்கள். இவற்றுள் சந்தையும் சுவையும் மலையில் எந்தப் பக்கம் போனாலும் ஓரளவுக்குக் கிடைத்துவிடும். குளிக்கத் தகுந்த நீர்தான் அரிது. ஆகவே எந்த வழி சிறந்தது என்பதை முதலில் நீரைக் கொண்டு முடிவுசெய்துவிட்டு, அதன் பிறகே மற்ற இரண்டையும் எடைபோட வேண்டும் என்பது என் கருத்து.

ஒப்பீட்டுக்கு நான்கு வழிகளை எடுத்துக்கொள்கிறேன். நகருக்குள்ளேயே சுற்றி வட்டக்கானல் வரை போய்வருவது ஒன்று. மேற்கே பூம்பாறை, மன்னவனூர் பக்கம் செல்வது மற்றொன்று. கிழக்கே பண்ணைக்காடு வழியாகத் தாண்டிக்குடிக்குச் செல்வது மூன்றாவது. அடுக்கம் மலைச்சாலையில் கும்பக்கரைக்கு இறங்கிப் பெரியகுளம் சேர்வது நான்காவது.

அதற்கு முன், மதுவைப் பற்றிய கேள்வியைத் தீர்த்துவிடலாம். வெளிமாநிலங்களிலிருந்து வருவோர் வண்டியில் ஏறியதும் அதைத்தான் கேட்கிறார்கள். கோவாவில் பெனி வடிக்கும் இடத்துக்கும், நாசிக்கில் திராட்சைத் தோட்டத்துக்கும் அழைத்துச் சென்று சிறு குவளைகளில் ஊற்றிக் கொடுப்பதைப் போன்ற ஏற்பாடு இம்மலையில் இல்லை. 1937-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் உரிமமின்றி மது தயாரிப்பதையும் விற்பதையும் தடை செய்கிறது. 1987 முதல் கள்ளுக்கும் தடை இருக்கிறது. 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் வசமே உள்ளது. மலைவாழிடங்களில் ‘ஹோம்மேட் ஒயின்’ என்று சொல்லி விற்கப்படும் புட்டிகளில் இருப்பது ஒன்று வெறும் இனிப்புச் சாறாக இருக்கும், அல்லது உரிமம் இல்லாத மதுவாக இருக்கும். இரண்டுக்குமே பணம் கொடுப்பது வீண். டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணிக்குத்தான் திறக்கின்றன என்பதால், காலையில் புறப்படும் அரை நாள் பயணத்தில் அதற்கு இடமும் இல்லை. அது நல்லதே. குடித்துவிட்டு வழுக்குப் பாறையில் கால் வைப்பவர்களால்தான் அருவிகளில் பாதி விபத்துகள் நிகழ்கின்றன என்று அடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காடுகளில் உடைந்து கிடக்கும் கண்ணாடியால் விலங்குகளின் கால்கள் காயப்படுவதைத் தடுக்க, ஒவ்வொரு மதுப்புட்டிக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடும் திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கப்பட்டு, பிறகு மற்ற இடங்களுக்கும் விரிந்தது. வெறுங்காலோடு ஓடையில் இறங்குவோருக்கும் அந்தக் கண்ணாடி அதே ஆபத்துதான். ஆகவே சுவை என்ற தலைப்பின் கீழ் நான் காப்பியையும், சாக்லேட்டையும், பாலாடைக்கட்டியையும், திராட்சையையும் மட்டுமே கணக்கில் கொள்கிறேன்.

நகரச் சுற்றிலிருந்து தொடங்குவோம். வாங்குவதற்கு ஞாயிற்றுக்கிழமை வாரச்சந்தையை மிஞ்ச ஒன்றுமில்லை. மேல்மலைக் கிராமங்களிலிருந்து வரும் கேரட்டும் பீன்ஸும், பருவத்தில் பிளம்ஸும் பேரிக்காயும், பட்டர் புரூட்டும், மரத்தக்காளியும் ஏரிச்சாலைக் கடைகளில் சொல்லும் விலையைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். ஏரிச்சாலையில் தொங்கும் கம்பளி ஆடைகளில் பெரும்பகுதி வடமாநிலங்களிலிருந்து வந்தவை. அவற்றை மலையின் பொருள் என்று நம்பி வாங்க வேண்டியதில்லை. சாக்லேட்டையும் பாலாடைக்கட்டியையும் பல கடைகளில் ஒரு துண்டு சுவைத்துப் பார்த்துவிட்டே வாங்கலாம், அதற்குக் கட்டணமும் இல்லை. நீர் என்று வரும்போதுதான் இந்த வழி தோற்கிறது. 1863-இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் உருவாக்கிய ஏரியில் படகு விடலாம், குளிக்க முடியாது. மலைச்சாலையில் எல்லா வண்டிகளும் நிற்கும் வெள்ளி அருவி அந்த ஏரியின் உபரிநீர். நகரின் கழிவு கலக்கும் ஏரியிலிருந்து வழிவதில் தலை நனைப்பதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. 1970-களின் சோப்பு விளம்பரத்தால் லிரில் அருவி என்றே பெயர் பெற்றுவிட்ட பாம்பாற்று அருவி பார்க்க அழகானது. ஆனால் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் ஓடும் நீரின் குளிர்ச்சி, விளம்பரத்தில் தெரியாத விஷயம். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறக்குறைய 6 டிகிரி குறையும் என்ற கணக்கில், பெரியகுளத்துக்கும் கொடைக்கானலுக்கும் இடையே 11 டிகிரி அளவுக்கு வேறுபாடு வருகிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் உறைபனி விழும் ஊரில் கணுக்கால் நனைத்துத் திரும்புவதோடு நிறுத்திக்கொள்வதே உத்தமம்.

பூம்பாறை வழியைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனெனில் அங்கே குளியல் என்ற பேச்சுக்கே இடமில்லை. மன்னவனூர் ஏரியில் வனத்துறை பரிசல் விடுகிறது, அவ்வளவுதான். ஆனால் படிக்கட்டு வயல்களும், குழந்தை வேலப்பர் கோயிலும், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டும் இருப்பதால், நீரைப் பெரிதாக மதிக்காதவருக்கு நான்கு வழிகளிலும் மனநிறைவு தருவது இதுவாகவே இருக்கும். பூண்டை விளைவித்தவரின் வீட்டு வாசலிலேயே வாங்குவது இதன் தனிச்சிறப்பு; எது மலைப்பூண்டு என்ற ஐயத்துக்கு அங்கே இடமில்லை.

தாண்டிக்குடியின் கதை வேறு. கொடைக்கானலிலிருந்து மலைச்சாலையில் இறங்கிப் பண்ணைக்காடு பிரிவில் திரும்பினால், உயரம் குறையக் குறையப் பைன் மரங்கள் மறைந்து, சில்வர் ஓக் நிழலில் காப்பிச் செடிகளும் அவற்றின் மேல் படர்ந்த மிளகுக் கொடிகளும் தோன்றும். கீழ்ப்பழனி மலை எனப்படும் இப்பகுதி அராபிகா காப்பிக்கு உகந்தது என்பதால்தான் காப்பி வாரியம் தன் ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தாண்டிக்குடியில் வைத்திருக்கிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பழம் பறிக்கும் காலம். அப்போது சென்றால் சிவந்த பழத்தின் தோலை நீக்கி, கொட்டையைக் களத்தில் பரப்பிக் காயவைப்பதைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம். மது சுவைக்கும் பயணத்துக்கு நிகராக இம்மலையில் ஒன்று உண்டென்றால் அது இதுதான்: ஒரே தோட்டத்துக் கொட்டையை மிதமாக வறுத்தும் கரிய வறுத்தும், சிக்கரி சேர்த்தும் சேர்க்காமலும், அடுத்தடுத்துக் குடித்துப் பார்ப்பது. அதற்கென்று தனிக் கூடம் தேடிப் போக வேண்டியதில்லை. காப்பி வளர்ப்போர் நடத்தும் தங்கும் வீடுகளில் முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் செய்து தருவார்கள். தூள் வாங்கும்போது சிக்கரியின் அளவைக் கேட்டு வாங்க வேண்டும். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் தூளை மலை ஏறி வந்து வாங்குவானேன்?

காப்பியோடு இங்கே வாங்கத் தக்கவை மிளகும் மலைவாழைப்பழமும். சிறுமலை, விருப்பாட்சி ஆகிய இருவகை மலைவாழைக்கும் 2008-இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. பழனிப் பஞ்சாமிர்தம் மரபாக இந்தப் பழத்தில்தான் செய்யப்பட்டது. முடிக்கொத்து நோய் தோட்டங்களை அழித்ததால் வரத்துக் குறைந்து, விலை கூடியது. தோல் கறுத்துச் சுருங்கிய பழத்தைப் பழையது என்று ஒதுக்குகிறவர்கள் நட்டப்படுகிறார்கள். அந்த நிலையில்தான் மலைவாழை தித்திக்கும்.

நீரில்தான் தாண்டிக்குடியும் ஏமாற்றுகிறது, ஏமாற்றுவதோடு அச்சமும் தருகிறது. பெரும்பாறைப் பக்கமுள்ள புல்லாவெளி அருவியைப் பலரும் குளிக்கும் இடமாக எண்ணிச் செல்கிறார்கள். 2022-இல் அருவியின் விளிம்பில் நின்று படமெடுத்துக்கொண்ட இளைஞர் ஒருவர் கால் வழுக்கி விழுந்து இறந்தது அப்போது செய்திகளில் பரவலாக வந்தது. அவருக்கு முன்னும் அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. வாகன ஓட்டுநர் எவரேனும் குளிக்கத் தனக்கு ஓர் இடம் தெரியும் என்று சொன்னால், பணிவாக மறுத்துவிட வேண்டும். காப்பிக்காகத் தாண்டிக்குடி செல்லலாம். குளியலுக்காகச் செல்லக் கூடாது.

ஆகக் குளியலுக்கு எஞ்சுவது கும்பக்கரை. பெரியகுளத்திலிருந்து சுமார் 9 கிலோமீட்டரில், மலையின் அடிவாரத்தில், பாம்பாறு பாறைகளின் மேல் விரிந்து வழியும் இடம் இது. வனத்துறை கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதிக்கிறது. காவலுக்கு ஆள் இருக்கிறது. குளிப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட பகுதியும் இருக்கிறது. மேலே உள்ள பாறைக் குழிகளுக்கு யானை, பாம்பு போன்ற விலங்குகளின் பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். பெயர்கள் விளையாட்டாகத் தோன்றினாலும் அக்குழிகள் ஆழமானவை, அங்கே இறங்குவது தடை செய்யப்பட்டது. நீச்சல் என்ற சொல்லுக்கு முழுப்பொருளில் இங்கும் இடமில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். இது பாறையில் அமர்ந்தும், நீர் விழும் இடத்தில் முதுகைக் காட்டி நின்றும் குளிக்கும் இடம். கைகால் வீசி நீந்த விரும்புவோருக்கு இம்மலையில் பாதுகாப்பான இயற்கை நீர்நிலை எதையும் என்னால் மனச்சான்றோடு சுட்ட முடியாது.

கும்பக்கரையின் மற்றொரு பலம், பலர் கவனிக்காதது, அதன் சந்தை. பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டியில் வியாழனும் ஞாயிறும் பூண்டுச் சந்தை கூடுகிறது. மேல்மலையில் விளையும் பூண்டு மூட்டையாக இறங்குவது அங்கேதான். பூம்பாறை வரை போகாமலேயே மலைப்பூண்டு வாங்கலாம் என்பது இவ்வழியின் ஆதாயம். வெளிமாநிலப் பூண்டும் அதே சந்தைக்கு வருவதால், வாங்குவதற்கு முன் ஒரு பல்லை நசுக்கி முகர்ந்து பார்ப்பது நல்லது. மலைப்பூண்டின் காரம் மூக்கைத் தாக்கும், வெளிமாநிலப் பூண்டில் அந்த வேகம் இராது. சுவைக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை இருக்கிறது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இப்பழம் ஏறத்தாழ ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது. ஒயினுக்கும் ஏற்ற திராட்சை என்று பெயர் பெற்றது, சாறாகத்தான் நமக்குக் கிடைக்கிறது என்பதில் சிலருக்கு வருத்தம் இருக்கலாம்; குளித்துவிட்டு வந்து குடிக்கும்போது அந்த வருத்தம் தெரிவதில்லை. கோடையில் சென்றால் பெரியகுளத்து மாம்பழமும் சேர்ந்துகொள்ளும்.

இவ்வழியின் குறை நேரமும் சாலையும். பெருமாள்மலைப் பக்கம் பிரிந்து அடுக்கம் வழியாக இறங்கும் சாலை தூரத்தைப் பெரிதும் குறைக்கிறது என்றாலும், அது குறுகியது, மழைக்காலத்தில் மண்சரிந்து அடைபடக் கூடியது. காட்ரோடு வழியான பழைய மலைச்சாலை அகலமானது, ஆனால் சுற்று. எப்படிச் சென்றாலும், கும்பக்கரை போய்க் குளித்து, சந்தையில் வாங்கி, மீண்டும் கொடைக்கானலுக்கு ஏறுவது அரை நாளுக்குள் அடங்காது. ஊர் திரும்பும் நாளின் காலையை இதற்கென்று ஒதுக்கி, பைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டால், ஏறும் செலவும் இல்லை, ஏறும் நேரமும் இல்லை. மதுரைக்கோ தேனிக்கோ போக வேண்டியவருக்கு இது வழியிலேயே இருக்கிறது.

செலவைப் பொறுத்தவரை, நகரச் சுற்றுதான் மலிவு. வட்டக்கானலுக்கு நடந்தே போய்விடலாம். பூம்பாறைக்கும் தாண்டிக்குடிக்கும் அரசுப் பேருந்துகள் உண்டு. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் விரிவாக்கும் அறிவிப்பு 2024-25 நிதிநிலை அறிக்கையில் வெளியானது. பேருந்தில் வருவோருக்கு மற்றொரு வசதியும் உண்டு: உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த இ-பாஸ் என்னும் இணையவழி நுழைவு அனுமதி, அரசுப் பேருந்துப் பயணிகளுக்குத் தேவையில்லை. சொந்த வண்டியில் வருவோர் அதைப் பெற்றாக வேண்டும்; தண்ணீருக்குப் பிளாஸ்டிக் புட்டிகளுக்குப் பதிலாக எவர்சில்வர் புட்டியைக் கொண்டுவருவது, மலையில் பிளாஸ்டிக்குக்கு உள்ள தடையிலிருந்தும் அபராதத்திலிருந்தும் காக்கும். நான்கு வழிகளிலும் செலவு மிகுவது கும்பக்கரைதான், வாடகைக் கார் தேவைப்படுவதால். நால்வர் பகிர்ந்துகொண்டால் மட்டுமே அது சிக்கனம் என்ற சொல்லுக்குள் அடங்கும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மேலே இருப்பவர் நகரச் சந்தையையும், காப்பி விரும்பி தாண்டிக்குடியையும், நீரின்றி அமையாதவர் கும்பக்கரையையும் தேர்வதே சரி. வியாழனோ ஞாயிறோ ஊர் திரும்புகிறவருக்கு மூன்று விருப்பங்களும் ஒருங்கே நிறைவேறும் ஒரே வழி கும்பக்கரைதான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வந்தால் வனத்துறை அருவியை மூடிவிடும். கோடையின் உச்சியில் நீர் வற்றியும் போகும். ஆகவே இறங்குவதற்கு முந்தைய மாலையே பெரியகுளத்தில் யாரையாவது தொலைபேசியில் விசாரித்து, மூடியிருக்கிறது என்று தெரிந்தால், அடுக்கம் சாலையை விட்டுவிட்டுத் தாண்டிக்குடியைத் தொட்டுப் பட்டிவீரன்பட்டி வழியாக வத்தலக்குண்டுக்கு இறங்கிவிடலாம். குளியல் மட்டும்தான் விட்டுப்போகும்.