எத்தியோப்பியா–கென்யா மின்பாதை: ஏசியா, டிசியா?

எத்தியோப்பியாவின் வொலாய்தா சோடோவிலிருந்து கென்யாவின் சுஸ்வா வரை 1,045 கி.மீ. இவ்வளவு தூரம் மின்சாரம் கொண்டுபோக எந்தப் பாதை மலிவு: ஏசியா (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்), டிசியா (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்)?

ஏசி, ஆரம்பத்தில் மலிவுதான். இரு முனையிலும் வழக்கமான துணைமின் நிலையம் போதும். ஆனால் மூன்று ஃபேஸுக்கும் கம்பி, அகலமான கோபுரம், அதற்கேற்ற நிலம் வேண்டும். கிலோமீட்டர் கூடக் கூடச் செலவும் ஏறும்.

டிசியில் தலைகீழ். இரண்டே கம்பித் தொகுதி, ஒல்லியான கோபுரம், குறைந்த இழப்பு. காசைத் தின்பது, ஏசியை டிசியாகவும் டிசியை மறுபடி ஏசியாகவும் மாற்ற முனைகளில் உள்ள மாற்று நிலையங்கள்: ஆளுயரத்தைத் தாண்டி அடுக்கிய தைரிஸ்டர்கள் என்னும் மின்னணு சுவிட்சுகள், அவற்றின் சூட்டைத் தணிக்கத் தண்ணீர்க் குழாய்கள். பொதுவாக 600–800 கி.மீ. தாண்டினால்தான் இந்தச் செலவு கட்டுபடியாகும். அப்புறம், இரு நாட்டு மின்கட்டமைப்பும் ஒரே தாளத்தில் ஓட வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பக்கக் கோளாறு மறுபக்கம் எளிதில் பரவாது.

கடைசியில் போட்டது 500 கிலோவோல்ட், 2,000 மெகாவாட் டிசி பாதை. செலவு 100 கோடி டாலருக்கு மேல். 2022-இல் மின்சாரம் ஓடத் தொடங்கியது.

என் கணக்கில் சரியான தேர்வுதான், ஒரு குறையோடு. ஏசியாக இருந்தால் வழியில் உள்ள ஊர்களுக்கு நடுவில் ஒரு துணைமின் நிலையம் வைத்துக் கிளை பிரித்துவிடலாம். டிசியில் அதற்கு இன்னொரு மாற்று நிலையமே கட்ட வேண்டும். சின்ன ஊருக்காக யார் கட்டுவார்கள்?