பழைய கேசட் ரெக்கார்டரே என் லெவல் மீட்டர்: கச்சேரிப் பதிவில் கண்டது

கச்சேரிகளை நேரடியாகப் பதிவு செய்பவர்கள் வீட்டில் பழைய ரெக்கார்டர் ஒன்றிரண்டாவது பரணில் கிடக்கும். பெல்ட் கூழாகியிருக்கும், ஹெட் தேய்ந்திருக்கும், ஆனாலும் எடைக்குப் போட மனசு வராது. போடாதீர்கள். அதன் லெவல் மீட்டர், அதாவது ஒலியின் அளவைக் காட்டும் முள்ளோ கோடோ, மட்டும் உயிரோடு இருந்தால் போதும், அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. நான் சில வருடங்களாக ஒரு சோனி டிசி-டி5எம் கேசட் ரெக்கார்டரையும், ஓய்வு கொடுத்துவிட்ட ஒரு டிஜிட்டல் கைரெக்கார்டரையும் வெறும் லெவல் மீட்டராக மேடையோரம் வைத்துத்தான் பதிவு செய்கிறேன். பதிவு நடப்பது வேறு கருவியில்.

மெயின் ரெக்கார்டரிலேயே மீட்டர் இருக்கிறதே, அப்புறம் இது எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அதன் திரை தீப்பெட்டி அளவு. அதில் நாலு சேனலுக்கும் கோடு, பேட்டரி, நேரம் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். இருட்டு ஹாலில் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தால் மேடையில் என்ன நடக்கிறது என்பது தவறிப்போகும். பெரிய மீட்டரைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, மேடையைப் பார்க்கும் அதே திசையில் வைத்துவிட்டால் பாடகரையும் முள்ளையும் ஒரே பார்வையில் பார்க்கலாம். இது சின்ன வசதிதான், ஆனால் மூன்று மணி நேரக் கச்சேரியில் கழுத்துக்கும் காதுக்கும் அவ்வளவு வித்தியாசம்.

அதைவிடப் பெரிய காரணம், முள்ளும் டிஜிட்டல் கோடும் காட்டுவது ஒன்றல்ல. இந்த முள் மீட்டருக்கு வியூ மீட்டர் என்று பெயர். அதன் தர அளவை 1939-ல் அமெரிக்காவில் பெல் லேப்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றும் சேர்ந்து வகுத்தபோது, முள் ஏறுவதற்கு ஏறக்குறைய 300 மில்லிசெகண்ட் ஆக வேண்டும் என்று வைத்தார்கள். அதனால் அது ஒலியின் சராசரியைத்தான் காட்டும், அதாவது காது எதை ‘சத்தம்’ என்று உணர்கிறதோ கிட்டத்தட்ட அதை. டிஜிட்டல் கோடு காட்டுவது பீக்கை, கண்ணிமைப்பதற்குள் வந்து போகும் உச்சத்தைக்கூட.

மிருதங்கத்தை வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். தனி ஆவர்த்தனத்தில் வலந்தலையில் ஒரு ‘தின்’ விழுகிறது. டிஜிட்டல் கோடு படக்கென்று மைனஸ் 6 வரை பாய்ந்து திரும்புகிறது (கோட்டின் கணக்கில் பூஜ்யம்தான் உச்சி, அதைத் தாண்டினால் ஒலி உடையும்; முள்ளின் பூஜ்யம் வேறு, அது வழக்கமான அளவு, அதற்கு மேலும் இடம் உண்டு). முள்ளோ பாதி தூரம் கிளம்பி, எனக்கென்ன என்று கீழே இறங்கிவிடுகிறது. அதே கச்சேரியில் பாடகர் ஆலாபனையில் தார ஷட்ஜத்தில் நிற்கும்போது கோடு மைனஸ் 12-ஐத் தாண்டாது, முள் பூஜ்யத்தைக் கடந்து சிவப்புப் பகுதிக்குள் போய் அங்கேயே நடுங்கிக்கொண்டு நிற்கும். கோட்டை மட்டும் நம்பினால் மிருதங்கம்தான் சத்தம், குரல் கம்மி என்று தோன்றும், உடனே கை தானாக மிக்ஸரில் குரலின் ஃபேடரை, அதாவது அளவைக் கூட்டும் தள்ளுகட்டையை, தூக்கும். முள்ளையும் சேர்த்துப் பார்ப்பவர் அப்படித் தூக்கமாட்டார். நான் கலக்கும் விதமே இதனால் மாறியிருக்கிறது: குரலையும் வயலினையும் முள்ளை வைத்து, தாள வாத்தியங்களைப் பீக்கை வைத்து. நாதஸ்வரம், தவில் என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும், தவிலின் அடி முள்ளில் பாதிகூடத் தெரியாது. பழைய மீட்டர் எல்லாமே இப்படி என்றும் நினைத்துவிடக் கூடாது. சினிமாக்காரர்கள் கொண்டாடிய நாக்ரா டேப் ரெக்கார்டரில் இருந்த மாடுலோமீட்டர் முள் வைத்ததுதான், ஆனால் அது பீக்கைக் காட்டும் வகை.

இணைப்புக்கு வருவோம். மிக்ஸரிலிருந்து வரும் லைன் அவுட்டை ஒய் கேபிள் (ஒரு முனை இரண்டாகப் பிரியும் கேபிள்) போட்டுப் பிரித்து இரண்டு கருவிக்கும் கொடுக்கலாம். ஓர் அவுட்புட் இரண்டு இன்புட்டுக்குப் போவதில் தப்பில்லை, இரண்டு அவுட்புட்டை ஒன்றாக முறுக்குவதுதான் கூடாது. ஆனாலும் நான் ஒய் கேபிளை விட்டுவிட்டேன். சில கருவிகள் அணைந்திருக்கும்போது அவற்றின் இன்புட்டே சிக்னலைச் சிதைக்கும், நடுக் கச்சேரியில் மீட்டரின் பேட்டரி தீர்ந்தால் மெயின் பதிவும் கெடும் ஆபத்து உண்டு. மெயின் ரெக்கார்டரின் லைன் அவுட்டிலிருந்து எடுத்தால் அந்தப் பயம் இல்லை. ஹெட்போன் அவுட் வேண்டாம், வால்யூமைத் தொட்டால் மீட்டர் கணக்கே மாறிவிடும். மைக்குக்கு மின்சாரம் கொடுக்கும் 48 வோல்ட் ஃபான்டம் ஓடும் மைக் லைனில் பழைய ரெக்கார்டரை எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். கூடுமானவரை பேட்டரியில் ஓட்டுங்கள், அடாப்டர் போட்டால் பல ஹால்களில் ‘ம்ம்ம்’ என்று ஹம் வந்து உட்கார்ந்துவிடும். டி5எம் இரண்டு பெரிய டார்ச் பேட்டரியில் ஓடுவது இந்த விஷயத்தில் பெரிய வரம்.

அளவு பொருத்துவதுதான் முக்கியம், அது இல்லாவிட்டால் முள் ஆடுவது வேடிக்கை பார்க்க மட்டும்தான். கச்சேரிக்கு முன் 1 கிலோஹெர்ட்ஸ் டோனை அனுப்பி, மெயின் ரெக்கார்டரில் மைனஸ் 18 டிபி வருமாறு வைக்கிறேன். பிறகு பழைய ரெக்கார்டரின் ரெக் லெவல் குமிழைத் திருப்பி, முள் சரியாகப் பூஜ்யத்தில் நிற்கும் இடத்தில் விட்டு, குமிழின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுகிறேன், யார் கை பட்டாலும் நகராது. தவில் உள்ள கச்சேரிக்கு மட்டும் மைனஸ் 20. லிமிட்டர், ஆட்டோ லெவல் என்று ஒலியின் அளவைத் தானாக மாற்றும் வசதி எல்லாம் கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். ஆட்டோ லெவலை அணைக்கவே முடியாத சின்னப் பெட்டி ரெக்கார்டர்கள் இந்த வேலைக்கு உதவாது.

முள் ஆட வேண்டுமானால் பல கேசட் மாடல்களில் ரெக் (பதிவு) பட்டனும் பாஸ் (இடைநிறுத்தம்) பட்டனும் சேர்ந்து அழுந்தியிருக்க வேண்டும். அதற்கு உள்ளே கேசட் இருக்கணும், அந்தக் கேசட்டின் மேல் விளிம்பில் உள்ள சின்னத் தகடு உடையாமல் இருக்கணும். உடைந்திருந்தால் நம் பழைய வைத்தியம்தான், செல்லோடேப்.

டிஜிட்டல் கைரெக்கார்டர் இரண்டாவது மீட்டராக நிற்கிறது. இதில் முள் இல்லை, ஆனால் பீக் ஹோல்ட் உண்டு, நான் பார்க்காதபோது எதுவரை போனது என்று சொல்லும். தானாக அணையும் வசதியை முதலில் நிறுத்துங்கள். கார்டு போடாவிட்டால் சில கருவிகள் ரெக் பாஸுக்கே போகாது. கார்டு போட்டபின் சும்மா எதற்கு இருக்க வேண்டும், பதிவையும் ஓட்டிவிடுகிறேன், ஒரு நகல் கிடைக்கிறது. மினிடிஸ்க் ரெக்கார்டரையும் வைத்துப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. திரை சின்னது, வெளிச்சம் போதாது.

32 பிட் ஃப்ளோட், அதாவது லெவல் அதிகமாகப் போனாலும் பிறகு குறைத்துக்கொள்ளக்கூடிய பதிவு முறை, வந்தபிறகு லெவலே பார்க்க வேண்டாம் என்கிறார்கள். ரெக்கார்டருக்குள் நடப்பதற்கு அது சரி. சபாவின் மிக்ஸரிலேயே ஒலி உடைந்து வந்தால் எந்த ஃப்ளோட்டும் காப்பாற்றாது, அது உடைந்தபடியேதான் பதிவாகும். நேரலை போகிறது என்றால் பிறகு சரிசெய்ய நேரமே கிடையாது. எனக்கு முள் தேவைப்படுவது அங்கேதான்.

இதற்கென்றே ஒன்று வாங்குவதானால், சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு மாதிரி இடங்களில் ‘டேப் ஓடலைங்க’ என்று ஒதுக்கி வைத்த கேசட் டெக்கைக் கேளுங்கள், ஓடும் டெக்கின் விலை கொடுக்காதீர்கள். போனிலிருந்து மோனோ டோன் ஒன்றை இரண்டு சேனலுக்கும் கொடுத்து, இரண்டு முள்ளும் ஒரே இடத்தில் நிற்கிறதா பாருங்கள், நிறுத்தியதும் தடங்கலில்லாமல் அடிவரை இறங்க வேண்டும். லெவல் குமிழைத் திருப்பும்போது முள் துள்ளினால் அழுக்குதான், கான்டாக்ட் கிளீனர் போதும். பேட்டரி அறையில் பச்சை பூத்து, அது சர்க்யூட் போர்டுவரை இறங்கியிருந்தால் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.